முதல் ஸ்டூடியோ லைட்: கோடாக்ஸ் எம்எஸ்300, ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், ரெண்டு தெர்மாகோல் சீட்

கும்பகோணத்துல எங்க மாமாவுக்கு பாத்திரக்கடை. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, நாச்சியார்கோயில் குத்துவிளக்குன்னு கடை பூரா மினுமினுன்னு இருக்கும். போன வருஷம் சாமான் எல்லாத்தையும் ஆன்லைன்ல போடலாம்னு முடிவு பண்ணி "மாப்ள, நீதான் கேமரா வச்சிருக்கியே, நல்லா எடுத்துக் குடு"ன்னு கூப்பிட்டார். சரி மாமான்னு ஒத்துக்கிட்டேன், பித்தளையை போட்டோ எடுக்கறதுன்னா என்னன்னு அப்ப தெரியாது. அதுக்கப்புறம் லைட்டுக்காக அலைஞ்சது, வாங்குனது, இரவல் வாங்கி பாத்ததுன்னு ஒரு வருஷம் ஓடிடுச்சு. இப்ப முதல் லைட் வாங்கப்போற ஃப்ரெண்ட்ஸ் வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். இப்ப என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு கோடாக்ஸ் எம்எஸ்300 ஃப்ளாஷ், கேமரா மேல மாட்டி ஒயரில்லாம ஃப்ளாஷை அடிக்க வைக்கற எக்ஸ்2டி ட்ரிகர், 95 சென்டிமீட்டர் எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸ் (லைட் முன்னாடி மாட்டற வெள்ளைத் துணிக் கூடு), ஒரு ஸ்டாண்டு, ஸ்டேஷனரி கடையில வாங்குன ரெண்டு வெள்ளை தெர்மாகோல். நான் வாங்குனப்போ எல்லாம் சேத்து சுமார் 20 ஆயிரம் ஆச்சு, இப்ப விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், கேட்டுக்கோங்க. இந்த ஒரு லைட்டை வச்சே குத்துவிளக்கு எடுத்தேன், பட்டுப்புடவை எடுத்தேன், அக்கா பொண்ணோட பிறந்தநாள் போட்டோ எடுத்தேன். ரெண்டாவது லைட் வேணும்னு இன்னி வரைக்கும் தோணல. முதல் காசை லைட்டோட எண்ணிக்கையில போடாதீங்க, அந்த ஒரு லைட்டை பெருசாக்குற சாமான்லயும் அதை ஆடாம நிறுத்துற சாமான்லயும் போடுங்க. இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நான் முதல்ல வாங்குனது நேர் எதிர். ஆன்லைன்ல பேரே இல்லாத ஒரு செட், ரெண்டு சாஃப்ட்பாக்ஸ், ரெண்டு ஸ்டாண்டு, ரெண்டு பெரிய பல்பு, தூக்கிட்டுப் போக ஒரு பை, எல்லாம் சேத்து நாலாயிரத்துக்குள்ள. பாக்க ஸ்டூடியோ மாதிரியே இருந்துச்சு, பொட்டியைப் பிரிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொட்டி மேல ஆயிரம் வாட்டுக்கு சமம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், எதுக்கு சமம்னு எங்கயும் இல்ல. லைட்டைப் போட்டு விளக்கை எடுத்தா பித்தளை மஞ்சளா வராம ஒருமாதிரி பச்சை கலந்து பாசி படிஞ்ச மாதிரி வந்துச்சு, கேமராவுல கலரை சரிபண்ற ஒயிட் பேலன்ஸை எப்படி மாத்தினாலும் அந்தப் பச்சை போகல. கலர் நல்லா தெரியணும்னா லைட்டோட சிஆர்ஐ, அதாவது கலரை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கற 100க்கான மார்க், 95 பக்கத்துல இருக்கணும், அந்தப் பல்புல அப்படி எதுவுமே எழுதியிருக்கல. அடுத்தது ஷட்டர் ஸ்பீடை 1/400 வச்சா படத்துல கிடைமட்டமா கோடு கோடா விழுந்துச்சு. நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், உள்ள கரண்டை சீராக்குற டிரைவர் மட்டமா இருக்கற பல்பு நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50லயோ 1/100லயோ வச்சா கோடு போயிடும், ஆனா கையில புடிச்சு எடுக்கறப்ப படம் அசைஞ்சிடும். மாமா படத்தைப் பாத்துட்டு "ஏன்டா, புது விளக்கு களிம்பு ஏறின மாதிரி இருக்கே"ன்னார். அன்னைக்கே அந்த செட்டை மூட்டை கட்டிட்டேன்.

அதுக்கப்புறம்தான் எல்இடியா ஃப்ளாஷான்னு உக்காந்து யோசிச்சேன். வீடியோவும் எடுக்கறவங்கன்னா யோசிக்கவே வேணாம், விட்டு விட்டு எரியாம நின்னு எரியற எல்இடிதான். கோடாக்ஸ் எஸ்எல்60 மாதிரி ஒன்னு போதும், 60 வாட், பகல் வெளிச்சக் கலர், பவன்ஸ் மவுன்ட் (சாஃப்ட்பாக்ஸை மாட்டற வளையம், பின்னாடி சொல்றேன்). அப்படிப்பட்ட எல்இடி பெரும்பாலானதுல உள்ள ஃபேன் ஓடும், மைக்கை லைட்டுக்கு பக்கத்துல வைக்காதீங்க. ஆனா போட்டோவுக்குன்னா ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 60 வாட் எல்இடி நொடிக்கு 60 ஜூல். ஷட்டர் 1/125 நொடிதான் திறந்திருக்குன்னா கேமராவுக்குப் போற பங்கு அரை ஜூல்கூட இல்ல. எம்எஸ்300 ஒரு தட்டுல 300 ஜூலைக் கொட்டும். கரண்டை வெளிச்சமா மாத்துறதுல எல்இடி கெட்டிதான், அதைக் கழிச்சாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். விளக்கு போட்டோவுக்கு லென்ஸ் துவாரம் சின்னதா எஃப்11, கேமராவோட உணர்திறன் கம்மியா ஐஎஸ்ஓ 100 வேணும், அப்பத்தான் முன்னாடி இருக்கற தட்டுல இருந்து பின்னாடி இருக்கற தண்டு வரை எல்லாம் ஷார்ப்பா வரும். எல்இடில அது வேணும்னா டிரைபாட்ல பூட்டி மெதுவா எடுக்கணும், சாமானுக்கு அது சரி, குழந்தை நிக்குமா?

ஃப்ளாஷ்னு முடிவானதும் ரெண்டு வழி இருக்கு, கேமரா மேல மாட்டற சின்ன ஃப்ளாஷ், இல்ல பிளக் போட்டு எரியற ஸ்டூடியோ ஃப்ளாஷ். கல்யாண போட்டோ எடுக்கற ஒரு ஃப்ரெண்டுகிட்ட கோடாக்ஸ் டிடி600 வாங்கி ரெண்டு வாரம் வச்சிருந்தேன். நாலு டபுள் ஏ பேட்டரி, பவரை நாமளேதான் மேனுவலா வைக்கணும், ஒயர்லெஸ் ரிசீவர் உள்ளயே இருக்கு, பவர் 1/128 வரைக்கும் இறங்கும். வெளிய எடுத்துட்டுப் போறவங்களுக்கும், வாடகை வீட்ல ஒரு ரூம்ல எடுக்கறவங்களுக்கும், பட்ஜெட் பாதிதான் இருக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம், அவ்வளவு நல்ல சாமான். நான் அதை விட்டதுக்குக் காரணம் ரெண்டு. ஒன்னு, ஒரே நாள்ல 200 சாமான் எடுக்கறப்ப பேட்டரி மாத்தி மாத்தி கை ஓஞ்சிடும். ரெண்டாவது, மாடலிங் லைட் கிடையாது. எம்எஸ்300ல 150 வாட் மாடலிங் பல்பு நடுவுல எரிஞ்சுட்டே இருக்கும், நிழல் எங்க விழுது, விளக்குல எந்த இடம் பளிச்சுன்னு இருக்குன்னு கிளிக் பண்றதுக்கு முன்னாடியே கண்ணால பாத்துக்கலாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு இதைவிட பெரிய வாத்தியார் கிடையாதுன்னு அடிச்சு சொல்வேன். அந்தப் பல்பு வெளிச்சம் மஞ்சளா இருக்கேன்னு பயப்படாதீங்க, ஃப்ளாஷோட பலத்துக்கு முன்னாடி அது படத்துல தெரியாது. சூடு மட்டும் ஏறும், துணி எதுவும் பல்புல படாம பாத்துக்கோங்க.

எம்எஸ்300க்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லணும். பவர் 1/32க்கு கீழ இறங்காது, அதாவது சுமார் 9 ஜூல். பத்துக்குப் பத்து ரூம்ல லைட்டை முகத்துக்கு மூணடியில வச்சு எஃப்1.8ல பின்னாடி எல்லாம் மங்கலா வர்ற மாதிரி எடுக்கணும்னா அந்தக் கம்மி பவரே ஜாஸ்தியாயிடும். அப்ப லென்ஸ்ல வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி, அதான் என்டி ஃபில்டர், போடணும், இல்ல லைட்டைத் தள்ளி வைக்கணும். அந்த மாதிரி படம்தான் உங்களுக்கு முக்கியம்னா டிடி600 உங்களுக்கு பொருத்தம். எனக்கு எஃப்8, எஃப்11தான் தினசரி வேலை, பாதி நாள் 1/8 பவர்லயே முடிஞ்சிடுது. 400 ஜூல் 600 ஜூல்னு பெருசா வாங்கணுமான்னு கேப்பீங்க, வீட்டு ரூமுக்குத் தேவையே இல்ல, அந்தக் காசு சாஃப்ட்பாக்ஸுக்குப் போகட்டும்.

ட்ரிகர் வாங்கறப்ப நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கேனான், நிகான், சோனி ஒவ்வொன்னுக்கும் தனி மாடல், பொட்டியில கடைசி எழுத்தைப் பாத்து வாங்குங்க. கேனான் வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், 1500டி, 3000டி, 200டி மார்க் டூ மாதிரி ஆரம்ப மாடல்கள்ல ஃப்ளாஷ் மாட்டற இடத்துல நடு பின்னே கிடையாது. அந்த நடு பின்னை மட்டும் நம்பி வேலை செய்யற 500 ரூபா ட்ரிகர் அதுல அடிக்கவே அடிக்காது, மாட்டினா நல்லா உக்காரும், பட்டனை அமுக்கினா சத்தமே இருக்காது. கேமராவை கையோட கடைக்கு எடுத்துட்டுப் போய் மாட்டி பத்து தடவை அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. அப்புறம் மூடிப்போன ஸ்டூடியோவுல இருந்து பழைய ஃப்ளாஷ் சல்லிசா வருதுன்னு ஒயரை நேரா கேமராவுல சொருகிடாதீங்க, பழசு சிலதுல கேமராவுக்கு வர்ற சிங்க் வோல்டேஜ் நூறைத் தாண்டி இருக்கும், இப்ப வர்ற பல கேமரா அதைத் தாங்காது. பழைய ஃப்ளாஷை ஆப்டிகல் ஸ்லேவ் (இன்னொரு ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பாத்து தானா அடிக்க வைக்கற சென்சார்) போட்டு தூர வச்சே அடிக்கலாம்.

லைட் வந்ததும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "படத்துல பாதி கருப்பா வருதே, லைட் ரிப்பேரா?" ரிப்பேர் இல்ல. ஷட்டர் ஸ்பீடு சிங்க் ஸ்பீடைத் தாண்டிடுச்சு, அதாவது ஃப்ளாஷோட ஒத்துப்போற அதிகபட்ச வேகத்தை. பல ஆரம்ப கேமராவுக்கு அது 1/200, சிலதுக்கு 1/160. அதைவிட வேகமா வச்சா ஃப்ளாஷ் அடிக்கற நேரத்துல ஷட்டரோட திரை படத்துல ஒரு பகுதியை மூடிட்டு இருக்கும், அதுதான் அந்தக் கருப்புப் பட்டை. நான் மேனுவல் மோடு, 1/160, ஐஎஸ்ஓ 100, எஃப்8னு வச்சுட்டு முதல்ல ஃப்ளாஷை ஆஃப் பண்ணி ஒரு படம் எடுப்பேன். அது முழுக் கருப்பா வரணும். வந்தா ரூம்ல இருக்கற டியூப்லைட், ஜன்னல் வெளிச்சம் எதுவும் படத்துல கலக்கலன்னு அர்த்தம், அதுக்கப்புறம் படத்துல வர்ற ஒவ்வொரு பொட்டு வெளிச்சமும் நாம வச்ச லைட்ல இருந்து வந்தது. இந்த ஒரு பழக்கம் வந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு லைட்டிங்னா என்னன்னே புரிய ஆரம்பிச்சுது.

இப்ப சாஃப்ட்பாக்ஸ். பவன்ஸ் மவுன்ட்னு கேட்டு வாங்குங்க. பவன்ஸ்ங்கறது இங்கிலாந்து கம்பெனி, 2017ல மூடிட்டாங்க, ஆனா அவங்க போட்ட மூணு கொக்கி மாடலைத்தான் இன்னமும் பாதி உலகம் செய்யுது, நாளைக்கு லைட்டை மாத்தினாலும் சாஃப்ட்பாக்ஸ் அப்படியே மாட்டிக்கும். கம்பி சொருகற மாடல் விலை கம்மி, ஆனா ஒவ்வொரு கம்பியா வளைச்சு ரிங்ல சொருகறதுக்குள்ள விரல் நசுங்கிடும், தினம் கழட்டி மாட்டறவங்க குடை மாதிரி விரியற மாடலை வாங்குங்க, ஐநூறு ஆயிரம் ஜாஸ்தி ஆனாலும் பரவாயில்ல.

பெருசு ஏன் வேணும்னு பித்தளைதான் எனக்கு காட்டிக் குடுத்துச்சு. பாலிஷ் போட்ட பித்தளைக்கு சொந்த முகம் கிடையாது, எதிர்ல இருக்கறதைத்தான் காட்டும். முதல்ல வெறும் ஃப்ளாஷை அடிச்சேன், விளக்குத் தண்டுல ஊசி முனை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, மத்ததெல்லாம் கருப்பு, இது பித்தளைன்னே தெரியல. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை இரவல் வாங்கி மாட்டினேன், புள்ளி சின்னக் கட்டமாச்சு, மாமா ஃபோன்ல பெருசு பண்ணிப் பாத்து "தண்டுல என்ன மாப்ள ஜன்னல் தெரியுது?"ன்னார். 95 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை பக்கத்துல, ரெண்டடியில கொண்டு வந்து வச்சதும் கட்டம் நீண்டு தண்டு உயரம் முழுக்க ஒரு வெள்ளை நீட்டுக்கோடா ஓடுச்சு, அந்தக் கோடு ஒவ்வொரு வளையத்துலயும் ஏறி இறங்கறப்பத்தான் கடைசல் வேலைப்பாடு கண்ணுல தெரிஞ்சுது. அடுத்த பக்கம் ஒரு தெர்மாகோலை செங்குத்தா நிறுத்தினேன், அந்தப் பக்கமும் மெல்லிசா ஒரு கோடு வந்துச்சு. அப்புறம் விளக்கோட ரெண்டு ஓரத்துலயும் கேமராவுல விழாத மாதிரி கருப்பு சார்ட் பேப்பர் வச்சேன், விளிம்பு இருட்டாகி விளக்கு பேக்ரவுண்டுல இருந்து தனியா எழும்பி நின்னுச்சு. உச்சியில இருக்கற அன்னத்தோட கழுத்து வளைவு அன்னைக்குத்தான் படத்துல உருண்டையா வந்துச்சு. மாமா எதுவும் சொல்லல, அந்தப் படத்தை வாட்ஸ்அப் டிபியா வச்சிட்டார்.

அந்த கோடு இன்னும் மென்மையா வேணும்னா ஒரு வேலை பண்றேன், சாஃப்ட்பாக்ஸுக்கும் விளக்குக்கும் நடுவுல கயிறு கட்டி வெள்ளை வேட்டியை தொங்கவிடறது. எட்டு முழ வேட்டி நல்ல அகலம், லைட் துணி முழுக்கப் பரவி விளிம்பு கரைஞ்ச மாதிரி வரும். ஆனா சொட்டு நீலம் போட்டு துவைச்ச வேட்டியை எடுக்காதீங்க, நான் எடுத்தேன், பித்தளை எல்லாம் ஒரு நீலச் சாயல்ல வந்து அதை சரி பண்ண ஒரு ராத்திரி போச்சு. இப்ப அதுக்குன்னே நீலம் படாத ஒரு வேட்டியை பீரோவுல தனியா வச்சிருக்கேன்.

தூரம் பத்தி ஒரு வார்த்தை. லைட்டை ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளினா வெளிச்சம் பாதியாகும்னு நினைப்போம், ஆகாது, கால்வாசியா குறையும், போட்டோ கணக்குல ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா பாதியாகறது). இதை வச்சு ஒரே வெள்ளைச் சுவரை வெள்ளையாவும் எடுக்கலாம் சாம்பலாவும் எடுக்கலாம், பேக்ரவுண்ட் செட் வாங்க வேண்டியதில்ல. அக்கா பொண்ணை சுவத்துல இருந்து ஆறடி தள்ளி உக்கார வச்சு லைட்டை அவ முகத்துக்கிட்ட கொண்டு வந்தேன், சுவர் தானா அடர் சாம்பல் ஆயிடுச்சு. கண்ணுக்கு மேல 45 டிகிரில லைட், கன்னத்துக்கு இந்தப் பக்கம் தெர்மாகோல், அவ்வளவுதான், கருவிழியில ரெண்டு வட்டமா வெளிச்சம் விழுந்து பிள்ளை சிரிக்கறது தெரிஞ்சுது. நெத்தியில எண்ணெய் மினுமினுப்பு இருந்தா ஒரு துண்டால ஒத்தி எடுத்துடுங்க, எடிட்டிங்ல போக்கறதைவிட சுலபம்.

சுவர்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர் வீட்ல பாதி ரூம் பச்சை, ரோஸ், ஊதான்னு பெயின்ட் அடிச்சிருப்போம். வெள்ளைக் குடை விலை கம்மின்னு வாங்கறவங்க இதை யோசிக்கணும், குடை எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைத் தெறிக்கும், பச்சைச் சுவத்துல பட்டு திரும்பி வந்து முகத்துல பச்சை அடிக்கும். வெள்ளைச் சுவர் இருந்தா 43 இன்ச் குடை அருமையான ஆரம்பம், கலர் சுவர்னா சாஃப்ட்பாக்ஸ்தான். மாமா கடை மாடி ரூம் நல்ல பச்சை, ரெண்டு பழைய வெள்ளை பெட்ஷீட்டை சுவத்துல கட்டித்தான் நானே எடுக்கறேன்.

ஸ்டாண்டுக்கு எல்லாரும் கடைசியா மிச்சம் இருக்கற முந்நூறு ரூபாயை ஒதுக்கறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. லைட்டும் சாஃப்ட்பாக்ஸும் சேந்தா மூணு கிலோ பக்கம், அது ஏழடி உயரத்துல நிக்கணும், கீழ குழந்தை உக்காந்திருக்கும். முதல் செட்டோட வந்த ஸ்டாண்டு காலு விரல் மொத்தம்தான் இருந்துச்சு. ஒரு நாள் ஃபேன் ஓடிட்டு இருந்தப்ப சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி காத்துல வாங்கி மெதுவா சாய ஆரம்பிச்சுது, நல்லவேளை மாமா கைநீட்டிப் புடிச்சுட்டார், அது விழுந்திருந்தா கீழ அடுக்கி வச்சிருந்த வெண்கல உருளி மேலதான் விழுந்திருக்கும். ஒன்பதடி, கால் அகலமா விரியற, முனையில கெட்டியான இரும்பு இருக்கற ஸ்டாண்டு வாங்குங்க. கடையில விரிச்சு உச்சியில கைவச்சு அமுக்கி ஆட்டிப் பாருங்க. மூணு கால்ல ஒரு காலை லைட் சாயற திசைக்கு நேர் கீழ வைங்க, எதிர்க் கால்ல அஞ்சு லிட்டர் தண்ணி கேனோ மணல் மூட்டையோ கட்டுங்க. ஸ்டாண்டை உயர்த்தறதுக்கு முன்னாடி ஃபேனை ஆஃப் பண்ணுங்க, ரெக்கை உயரத்தை அண்ணாந்து பாத்துக்கோங்க.

மத்த சாமான் பத்தி சுருக்கமா. ரிங் லைட் முகத்துக்கு ஓகே, சாமானுக்கு வேணாம், பித்தளையில வட்டம் வட்டமா தெரியும். கலர் ஜெல் (லைட் மேல போடற கலர் தாள்), ஸ்னூட் (வெளிச்சத்தைக் குறுக்குற குழல்) எல்லாம் இப்ப வேணாம். பழைய ஹேலஜன் சன்கன் (சூடு கக்கற வீடியோ லைட்) யாராவது சும்மா குடுத்தாலும் ரூம் சூட்டுல மெழுகுவத்தி உருகிடும், நாமளும்தான். ஹனிகோம்ப் கிரிட் (சாஃப்ட்பாக்ஸ் முன்னாடி ஒட்டற கட்டம் கட்டமான துணி வலை) மட்டும் சாஃப்ட்பாக்ஸோட வந்தா விட்டுடாதீங்க, வெளிச்சம் பேக்ரவுண்டுல சிந்தாம தடுக்கும்.

வாங்கின கடை பத்தி சொல்லணும், திருச்சியில ஒரு கேமரா கடை, அங்க இருந்த அண்ணன் மூணு சாஃப்ட்பாக்ஸையும் பிரிச்சு மாட்டி என் கேமராவுல எடுத்துப் பாக்க விட்டார், ஒரு பித்தளைச் சொம்பை பையில எடுத்துட்டுப் போயிருந்தேன், அதையே டேபிள்ல வச்சு எடுத்தோம். ஆன்லைன்ல ஐநூறு அறுநூறு கம்மியா கிடைச்சிருக்கும், எனக்கு அந்த ஒரு மணி நேரம் அதைவிட பெருசு. ஜிஎஸ்டி பில்லும் வாரண்டி கார்டுல கடை சீலும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க எந்த ஊர்ல வாங்கினாலும் நீங்க எடுக்கப்போற சாமான்ல ஒன்னை கையோட எடுத்துட்டுப் போங்க, புடவைன்னா ஜரிகை இருக்கற புடவை, நகைன்னா ஒரு கவரிங் வளையல், கடை லைட்ல பாக்கறதை நம்பாம லேப்டாப்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் காசைக் குடுங்க.